தழும்பு இருக்கட்டும், விரிசல் வேண்டாம்

(தொழிலாளரான புனித யோசேப்பு விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று மே முதல் நாள். உலகம் உழைப்பாளர் நாளாகக் கொண்டாடும் இந்த நாளை, தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தினார். நம் பாட்டிமார் சூசையப்பர் என்று உரிமையோடு அழைத்த அதே யோசேப்புதான். இன்றைய நற்செய்தியில், மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் வியக்கிறார்கள். ஆனால் வியப்பு நெடுநேரம் நிற்கவில்லை. இவர் தச்சருடைய மகன்தானே, இவர் குடும்பத்தை நமக்குத் தெரியாதா என்று பேசத் தொடங்குகிறார்கள். அப்பாவின் தொழிலைச் சொல்லியே மகனைச் சிறுமைப்படுத்துகிறார்கள்.

தச்சர் என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. மரவேலை செய்பவர் மட்டுமல்ல, கையால் கட்டுபவர், உருவாக்குபவர் எல்லாருமே அந்தச் சொல்லுக்குள் வருவார்கள். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித யுஸ்தின் சமாரியப் பகுதியில் பிறந்தவர். இயேசு நடமாடிய மண்ணுக்கு அருகில் வளர்ந்தவர். இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள்: மண்ணைப் பிளக்கும் கலப்பையை உலகின் மீட்பர் தம் கையால் செதுக்கியிருக்கிறார்.

ஆகவே இன்று ஓர் உழவுக் கருவியைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். அது மரக் கலப்பை அல்ல, டிராக்டர். அதுவும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத டிராக்டர். விவசாயி தன் வீட்டுக் கொட்டகையில் தானே செய்தது. அதைப் பார்க்க நாம் போலந்து நாட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் போலந்து தன் குடிமக்களில் சுமார் 60 இலட்சம் பேரை இழந்தது. போர் முடிந்ததும் அங்கே பொதுவுடைமை ஆட்சி வந்தது. 1948 முதல், தனித்தனி விவசாயிகளின் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்க அரசு முயன்றது. விவசாயிகள் இணங்கவில்லை. 1956இல் அந்தக் கூட்டுப் பண்ணைகளில் பெரும்பாலானவை கலைந்துபோயின. நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் கையிலேயே நின்றது. ஆனால் நிலம் இருந்தால் போதுமா? உழ வேண்டாமா? 'உர்சுஸ்' தொழிற்சாலை 1947 முதல் டிராக்டர் செய்துகொண்டுதான் இருந்தது. பழைய ஜெர்மன் டிராக்டர் ஒன்றைப் பிரித்து, அளவெடுத்து, அதே அச்சில் 45 குதிரைத்திறனில் செய்த வண்டி அது. அப்படி வெளிவந்த டிராக்டர்கள் முதலில் அரசுப் பண்ணைகளுக்கும் அரசு இயந்திர நிலையங்களுக்கும் போயின. சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயி வரிசையின் கடைசியில் நின்றார்.

விவிலியம் தெரிந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல. சாமுவேல் முதல் நூல் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரயேல் நாடு முழுவதிலும் கொல்லர் ஒருவரும் இல்லாதபடி பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டார்கள். கொல்லர் இருந்தால் வாளும் ஈட்டியும் செய்துவிடுவார்களே என்ற பயம். அதனால் கலப்பைக் கொழுவைத் தீட்டவும், கோடரியைக் கூராக்கவும் இஸ்ரயேலர் தங்கள் பகைவரிடமே இறங்கிப் போய், கூலியும் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. ஒரு மக்களை அடக்கி வைக்க அவர்கள் நிலத்தைப் பறிக்க வேண்டும் என்பதில்லை. உழும் கருவியைத் தன் கையில் வைத்துக்கொண்டாலே போதும்.

போலந்தின் தெற்கே, தாத்ரா மலையடிவாரத்தில் பொத்ஹாலே என்ற பகுதி இருக்கிறது. ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுள்ள மலைவாழ் மக்களின் பூமி. அங்குள்ள வயல்கள் சிறியவை, சரிவானவை, பங்கு பிரித்துப் பிரித்து நாடாபோல ஒடுங்கிப்போனவை. பெரிய டிராக்டர் கிடைத்தாலும் அங்கே திரும்ப இடம் இருக்காது. அந்த மக்கள் காத்துக்கொண்டு நிற்கவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு தாங்களே டிராக்டர் கட்டத் தொடங்கினார்கள்.

கையில் என்ன கிடைத்தது? போர் விட்டுச் சென்ற இரும்பு கிடைத்தது. ஜெர்மன் வண்டி, சோவியத் வண்டி, அமெரிக்க வண்டி என்று உடைந்து கிடந்த இராணுவ வாகனங்கள். ஒன்றிலிருந்து பின் ஆக்ஸில், இன்னொன்றிலிருந்து சக்கரம், ஒரு லாரியின் சட்டத்தைப் பாதியாக வெட்டிக் குறுக்கிய உடல். எஞ்சினுக்கு, ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். நம் ஊர்க் கிணற்று மேட்டில் 'டுக் டுக்' என்று ஓடுமே ஆயில் எஞ்சின், அந்த இனம்தான். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். பொத்ஹாலே விவசாயி அதைத் தன் கொட்டகையில் வெல்டிங் வைத்துச் செய்தார்.

அந்த வண்டியில் ஒரு நுட்பம் உண்டு. உழும்போது டிராக்டர் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவு. லாரியின் முதல் கியர்கூட அதற்கு அதிக வேகம். அதனால் ஒரு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு கியர் பாக்ஸை இணைத்தார்கள். முதலாவது வேகத்தை ஐந்தில் ஒன்றாக்குகிறது, இரண்டாவது மீண்டும் ஐந்தில் ஒன்றாக்குகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் வேகம் 25இல் ஒரு பங்காகும். இழுக்கும் வலிமையோ ஏறத்தாழ அதே கணக்கில் பெருகும். பொறியியல் கல்லூரிக்குப் போகாத கைகள் கண்டுபிடித்த கணக்கு இது. இப்படிச் செய்த வண்டிகளைப் பதிவு செய்யும்போது, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'சாம்' என்று எழுதினார்கள். போலந்து மொழியில் 'தானே' என்று பொருள். தானே செய்தது.

அன்புக்குரியவர்களே, இந்தச் 'சாம்' டிராக்டர்கள் இன்று முதியவை. சில இன்னும் வேலை செய்கின்றன. பல கொட்டகைகளில் துருப்பிடித்து நிற்கின்றன. செய்தவர்களில் பலர் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். மகனோ பேரனோ ஒருநாள் கொட்டகைக் கதவைத் திறக்கிறார். முன்னால் இரண்டு வழிகள். எடைக்குப் போட்டுவிடலாம். அல்லது மீண்டும் ஓட வைக்கலாம்.

ஓட வைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒருவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்போம். தொழிற்சாலை டிராக்டர் என்றால் கையேடு உண்டு, உதிரிபாகம் உண்டு. இதற்கு எதுவும் கிடையாது. உலகில் இதே மாதிரி இன்னொன்று இல்லை. ஆகவே அவர் முதலில் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. பார்க்க வேண்டும். இந்த இரும்புத் துண்டு ஏன் இங்கே வந்தது, அப்பா ஏன் இதை இடது பக்கம் வைத்தார் என்று கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோணலாகத் தெரிவது பிழையாக இருக்கலாம். அப்பாவின் முடங்கிய வலது முழங்காலுக்காகச் செய்த ஏற்பாடாகவும் இருக்கலாம். செய்தவரைப் புரிந்துகொள்ளாமல் செய்ததைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து, இறுகிப்போன எஞ்சின். பல ஆண்டு ஓடாததால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியால் அடித்தால் உடையும். அனுபவசாலிகள் சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நாள்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு பறக்கும் சக்கரத்தைப் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்ப்பார்கள். மயிரிழை அளவு அசைந்தால் போதும், மிச்சம் வரும்.

பிறகு விரிசல் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் ஆபத்தானது. பட்டறைக்காரர்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. இரும்பை நன்றாகச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டுத் துடைத்துவிடுவார்கள். மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசுவார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிவிடும். மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது. அன்பர்களே, ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன்பு நாம் செய்யும் ஆன்மச் சோதனை இதுதான். இறைவார்த்தை உள்ளே இறங்கட்டும், அமைதியாகக் கொஞ்ச நேரம் இருப்போம். கோடு தானாகத் தெரியும்.

விரிசல் தெரிந்தால் பற்றவைக்க வேண்டும். எஞ்சின் உடல் வார்ப்பிரும்பு. அவசரப்பட்டு அதில் நெருப்பை வைத்தால், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். ஆகவே முழுத் துண்டையும் மெல்லச் சூடாக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும், பிறகு சூடான சாம்பலிலோ மணலிலோ புதைத்து, மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோரே, வாழ்க்கைத் துணையிடம் குறை காணும் கணவரே, மனைவியே, பங்கு மக்களைக் கண்டிக்கும் என் போன்ற குருக்களே, இந்தச் சாம்பலை நாம் நினைவில் வைக்க வேண்டும். சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆற விடாததால் மனம் வேறிடத்தில் உடைகிறது.

இப்போது மிகக் கடினமான கேள்விக்கு வருகிறோம். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த பிரேக், ஆடும் ஸ்டியரிங் இணைப்பு, மூடியில்லாமல் சுற்றும் பெல்ட். மலைச் சரிவில் இவை ஆளைக் கொன்றுவிடும். அப்பா செய்தது என்பதற்காகப் பிடிக்காத பிரேக்கை வைத்துக்கொள்வது பாசமாகாது. அதைச் சொன்னால் அப்பாவே சிரிப்பார். கொல்லக்கூடியதை வைத்திருக்கக் கூடாது.

ஆனால் அப்பா வைத்த வெல்டிங் இருக்கிறதே, அதை என்ன செய்வது? அது புழுக்கள் வரிசையாக நெளிவதுபோல, மேடும் பள்ளமுமாக இருக்கும். உறுதியாகத்தான் இருக்கிறது, அழகாக இல்லை. இன்றைக்கு நல்ல கருவிகள் கையில் உண்டு. அதைச் சாணை பிடித்து மழமழப்பாக்கி, பளபளவென்று பெயின்ட் அடித்து, கடையில் வாங்கியதுபோல் ஆக்கிவிடலாம். ஆக்கலாம். ஆனால் அப்போது ஓடுவது அப்பாவின் டிராக்டர் அல்ல. இந்த வேலையின் அருமை தெரிந்தவர்கள் அந்தப் பழைய வெல்டிங்கைத் தொடுவதில்லை. விரிசலைக் குணமாக்குவார்கள். தழும்பை இருக்க விடுவார்கள்.

இயேசுவில் அன்புக்குரிய சகோதர சகோதரிகளே, நாம் பாஸ்கா காலத்தில் இருக்கிறோம். யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். தந்தையாகிய கடவுள் தம் மகனை உயிர்த்தெழச் செய்தார். சாவை வென்ற உடல் அது. இனிச் சாவுக்கு அதன்மீது அதிகாரம் இல்லை. பூட்டிய கதவுகள் அதைத் தடுக்கவில்லை. அப்படிப்பட்ட உடலிலிருந்து ஆணிகளின் தடங்களை நீக்குவது கடவுளுக்குக் கடினமா? ஆனாலும் அவை அங்கே இருந்தன. தோமா தம் ஆண்டவரை அடையாளம் கண்டது அந்தத் தழும்புகளில்தான். சாவு போய்விட்டது, காயம் சாட்சியாக நின்றுவிட்டது. கடவுள் புதுப்பிக்கும் முறை இது.

அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவு செய்கிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்ததைக் குருமடத்தில் படிக்கிறோம். அதன் பொருளை நீங்கள் உங்கள் வாழ்க்கையில் காணலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். மணமுறிவால் உடைந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்மார்கள் இருக்கிறார்கள். கடனில் மூழ்கி எழுந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் பீடத்துக்கு அருகில் வரவே கூசுகிறார்கள். கடவுளுக்குப் பிடித்தமானவராக வேண்டுமென்றால், தாங்கள் வேறு யாரோ ஒருவராக மாற வேண்டும் என்று நினைக்கிறார்கள். நடந்தது எதுவும் நடக்காததுபோல் மழமழவென்று ஆகிவிட வேண்டும் என்று ஏங்குகிறார்கள். அவர்களுக்கு இன்று சொல்கிறேன்: பாவத்தை விட வேண்டும், ஐயமில்லை. அது பிடிக்காத பிரேக், அது கொல்லும். ஆனால் பற்றவைத்துக் குணமான தழும்புக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கடவுள் உங்களைத்தான் புதுப்பிக்கிறார்; உங்களுக்குப் பதிலாக வேறொருவரை உண்டாக்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். 'சாம்' என்ற அந்தச் சொல்லுக்குத் 'தனியாக' என்ற பொருளும் உண்டு. அந்த விவசாயி டிராக்டரை உண்மையிலேயே தனியாகத்தான் செய்தாரா? ஆக்ஸிலை வார்த்தவர் பெயர் தெரியாத ஒரு தொழிலாளி. கியர் பல்லை வெட்டியவர் இன்னொருவர், ஒருவேளை எதிரி நாட்டவர். இந்த வண்டிகள் பலவற்றில் பொருத்தப்பட்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஆந்திரிஹூவ் என்ற ஊரின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதற்குப் பக்கத்து ஊரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வாதோவிச்சே. புனித இரண்டாம் யோவான் பவுல் பிறந்த ஊர்.

அந்தத் திருத்தந்தை உழைப்பை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். நாத்சி ஆக்கிரமிப்புக் காலத்தில் 1940 முதல் 1944 வரை, முதலில் கல் குவாரியிலும் பின்னர் வேதிப்பொருள் தொழிற்சாலையிலும் உடலுழைப்புச் செய்தவர். மனித உழைப்பைப் பற்றி அவர் எழுதிய சுற்றுமடல் 1981 மே 15 அன்று வெளிவர வேண்டியது. மே 13 அன்று புனித பேதுரு வளாகத்தில் துப்பாக்கிக் குண்டு அவர் உடலில் பாய்ந்தது. மருத்துவமனையிலிருந்து மீண்ட பிறகுதான் அதை இறுதியாகச் செப்பனிட்டு, செப்டம்பர் 14 அன்று, திருச்சிலுவை மகிமை விழாவன்று வெளியிட்டார். தழும்போடு வந்த மடல் அது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் இரண்டு மரபுச் சொத்துகளுக்குள் நுழைகிறார் என்று அதில் அவர் விளக்குகிறார். ஒன்று, கடவுள் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த இயற்கை வளம். மற்றொன்று, நமக்கு முன் உழைத்தவர்கள் அந்த வளத்திலிருந்து ஆக்கி வைத்தவை. தனியாகச் செய்தேன் என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே ஒரு பழைய டிராக்டரை ஓட வைப்பவர் இரும்பை மட்டும் காப்பாற்றவில்லை. தமக்கு முன் உழைத்த கைகளுக்கு நன்றி சொல்கிறார். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் உழவரையும் கொல்லரையும் குயவரையும் ஒவ்வொருவராகக் காட்டுகிறது. அவர்கள் மன்றங்களில் மேலான இடத்தில் அமர்வதில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது. நாசரேத்து ஊரார் இதை மறந்தார்கள். தச்சரின் மகன் என்று இகழ்ந்தார்கள். அதனால் அந்த ஊரில் வல்ல செயல்கள் பல நடக்கவில்லை.

நம் வீடுகளில் அந்த இழப்பு நேர வேண்டாம். அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வாரம் உங்கள் தந்தையிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? அவர் மறைந்திருந்தால், அவருடைய கருவி ஏதாவது பரணில் கிடந்தால், அதை இறக்கித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, யாருடையது என்று சொல்லுங்கள்.

மன்றாடுவோம். கலப்பையும் நுகமும் செய்த ஆண்டவரே, யோசேப்பின் பட்டறையில் உழைப்பைக் கற்றவரே, எங்களுக்கு முன் உழைத்தவர்களுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். எங்கள் உள்ளத்தின் விரிசல்களை எங்களுக்குக் காட்டும். அவற்றைப் பொறுமையோடு குணமாக்கும். குணமான தழும்புகளில் உம்மை மற்றவர்கள் அடையாளம் காணச் செய்யும். இன்று வேலையின்றித் தவிப்போருக்கு வேலை தாரும். உழைத்துக் களைத்தோருக்கு ஓய்வு தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!